ஊருணிக்கரை வீடு

எங்கள் ஊரில் தண்ணீர் வந்துவிடுமோ என்று பயந்த ஆள் ஒருவர்கூடக் கிடையாது. வராமல் போய்விடுமோ என்றுதான் எல்லோருக்கும் பயம். சிக்கல் என்கிற ஊருக்குப் பக்கத்தில், மழைத் தண்ணீரைத் தேக்குகிற கண்மாயை நம்பி விதைக்கிற ஊர். கண்மாய் பெருகினால் வீட்டில் நெல், பெருகாவிட்டால் ஆளுக்கொரு திசையாகக் கூலிக்குப் போக வேண்டியதுதான். கிணறு வெட்டினால் வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். குடிக்கவும் சோறு பொங்கவும் ஊருக்குத் தெற்கே பள்ளத்தில் ஓர் ஊருணி இருந்தது. அது ஒன்றுதான்.

நான் தொண்டிப் பக்கத்துக்காரி. எங்கள் அய்யாவின் தென்னந்தோப்பில் மணலைக் கையால் பறித்தாலே நல்ல தண்ணீர் ஊறும். அப்படி வளர்ந்தவளை இப்படி ஓர் ஊரில் கட்டிக்கொடுத்துவிட்டு, பெண்ணைத் தண்ணியில்லாக் காட்டுக்கு அனுப்பிவிட்டேனே என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினார். புலம்புகிறவர் முன்னாலேயே யோசித்திருக்கலாம். அம்மா உயிரோடு இருந்திருந்தால் யோசித்திருப்பாள். நான் பாவாடை கட்டுகிற வயதிலேயே அவள் போய்விட்டாள்.

புகுந்த வீடு மேலத்தெருவில் இருந்தது. வீட்டில் மூத்தார், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன், அவர் மனைவி, பிள்ளைகள், நாங்கள். அங்கிருந்து ஊருணிக்குப் போய்த் திரும்புவதற்குள் அடுப்பில் உலை கொதித்து அடங்கிவிடும். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று எந்தப் பெண்ணும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

ஆண்கள் குடம் தூக்க மாட்டார்கள். சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. எங்கள் ஊரில் ஆம்பிளை தோளில் குடம் ஏறுவது கொள்ளி வைக்கிற அன்றைக்கு மட்டும்தான். பெற்றவர்களைச் சுடுகாட்டில் கிடத்தி, தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றி வந்து உடைப்பார்கள். மற்ற நாளில் ஒருவன் தோளில் குடத்தை வைத்தால் அது ஆகாது, வீட்டுக்கு நல்லதல்ல என்று பெண்களே விட மாட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கல்யாணமான மறு வருஷம் முதல் பிள்ளை தங்கவில்லை. ஊருணிப் படியில், நிறைகுடத்தோடு, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு மனசு வரவில்லை. வந்து பார்த்த மருத்துவச்சி, "இவ வயித்துல பிடிமானம் கம்மி. இனிமே உண்டானா குடத்தைத் தொடவே கூடாது. தொட்டா அதுவும் தங்காது, சொல்லிப்புட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனாள்.

என் ஓரகத்தி, மூத்தாரின் மனைவி, அடுப்படியில் நின்றுகொண்டு சொன்னாள்: "நாங்க தூக்காத கொடமா? எனக்கு மூணும் நின்னுச்சே."

அன்றைக்கே அவளோடு பேச்சை விட்டேன். ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே சட்டியில் குழம்பு ஊற்றிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் கோபம் வந்தால் லேசில் இறங்காது. அந்த வீட்டில் எல்லோரும் அதைத் தெரிந்துகொண்டார்கள்.

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். ஒரு மாதம் கழித்து அண்ணனிடம் போய், ஊருணிக்குப் பக்கத்தில் தன் பங்குக்கு வந்த பள்ளத்து நிலத்தில் வீடு கட்டிக்கொண்டு தனியாகப் போகிறேன் என்றார். "அந்தப் பள்ளத்துலயா? ஏலே, உனக்குக் கிறுக்கா?" என்றார் மூத்தார். "வெள்ளாமைக் காவலுக்குத் தோதா இருக்கும்" என்றார் இவர். ஊரில் யார் கேட்டாலும் அதே பதில்தான். வெள்ளாமைக் காவல். என்னிடமும் அதையேதான் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அந்தக் கோடையில் அவரே மண்ணை மிதித்து, அவரே சுவர் வைத்தார். என்னை ஒரு கூடை மண் எடுக்க விடவில்லை. ஒரு வரிசை வைத்து, அது காய்ந்த பிறகு அடுத்த வரிசை. மேலே பனைமரத்தில் அறுத்த பனங்கை போட்டு ஓலை வேய்ந்தார். பூவரசங்கதவும் நிலையும் எங்கள் அய்யா தொண்டியிலிருந்து வண்டியில் அனுப்பினார். வாசலைப் பொதுவாகக் கிழக்கே பார்த்து வைப்பார்கள். இவர் ஊருணியைப் பார்த்து வைத்தார். வாசலில் இறங்கி நாலு எட்டு வைத்தால் படித்துறை. வருகிற பெண்களில் யாராவது ஒருத்தி போகிறபோக்கில் என் குடத்தையும் நிரப்பி வாசலில் வைத்துவிடுவாள். ஊரிலேயே பெரிய வசதிக்காரி நான்தான் என்று எனக்கு ஒரே பெருமை.

வெள்ளம் வந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் நினைக்கவில்லையா என்று இப்போது பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். தண்ணீருக்கு ஏங்கியே பிழைத்த சனம், தண்ணீருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் விடுமா? அதற்கு மேல் எங்களுக்கு யோசனை போகவில்லை.

ஐப்பசியில் நல்ல மழை. எனக்கும் நாள் தள்ளிப்போயிருந்தது. கார்த்திகை பிறந்ததும் கண்மாய் நிரம்பிக் கலுங்கில் தண்ணீர் வழிந்தது. நிறைந்து மிஞ்சுகிற தண்ணீர் வெளியேறுகிற கல் கட்டுதான் கலுங்கு. அது பாய்ந்து பல வருஷம் ஆகியிருந்ததால் ஊரே போய்த் தேங்காய் உடைத்துக் கும்பிட்டது. கிழவர்கள் கலுங்குத் தண்ணீரில் நின்று குழந்தைகள்போலக் கூத்தடித்தார்கள். நானும் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, மெல்ல நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஊருக்கும் நல்ல காலம், எனக்கும் நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டேன்.

மழை நிற்கவில்லை. இரண்டு நாள் விட்டுவிட்டுப் பெய்தது, பிறகு விடாமல் பெய்தது. ஒரு காலையில் மேல் ஊரிலிருந்து ஆள் வந்து, அங்கே கண்மாய் உடைந்துவிட்டது, அந்தத் தண்ணீரெல்லாம் எங்கள் கண்மாய்க்குத்தான் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். ஊருக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீடு கிடந்த பள்ளம் எனக்கும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

வெள்ளத்துக்கு வீட்டை எப்படி ஒதுங்கவைப்பது என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்குக் கொஞ்சம் தெரியும். கடலோரத்தில் காற்றும் மழையும் வந்தால் அம்மா என்னென்ன செய்வாள் என்று பார்த்திருக்கிறேன். உப்பு, தீப்பெட்டி, புளி மூன்றையும் பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி உயரத்தில் தொங்கவிடுவாள். அரிசியை இரண்டு இடமாகப் பிரித்து வைப்பாள், ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சும் என்று. கோழிகளைப் பிடித்துக் கூடைக்குள் அடைப்பாள். நானும் அதையெல்லாம் செய்தேன். ரொம்பக் குனியாமல், ரொம்ப எட்டாமல், ஒவ்வொன்றாக. அம்மியையும் உரலையும் அப்படியே விட்டுவிட்டேன், அதைத் தண்ணீர் எங்கே தூக்கப்போகிறது.

இவர் வீட்டைச் சுற்றி மண் அணைத்து வரப்பு போட்டார். சுவரின் அடிப்பக்கத்தில் பச்சைப் பனையோலையைச் சுற்றிலும் சாய்த்து, கயிறு போட்டுக் கட்டினார். பார்ப்பதற்குப் பாவாடை கட்டிய மாதிரி இருந்தது.

"வீட்டுக்குச் சடங்கு சுத்துறீங்களா?" என்று கேட்டேன்.

அவருக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பனங்கையக் கழத்திருவமா?" என்றார்.

மண் வீட்டில் மரம்தான் சொத்து. சுவர் போனால் மறுபடி மண்ணைக் குழைத்து வைத்துக்கொள்ளலாம். பனங்கையும் கதவும் நிலையும் போனால் எங்கே போவது? வெள்ளம் சுவரைச் சாய்த்தால் அதெல்லாம் முறிந்து, ஓடையோடு கடலுக்குப் போய்விடும். ஆனால் கூரையைப் பிரித்துவிட்டால், வெள்ளம் வராவிட்டாலும் இந்த மழையே சுவரைக் கரைத்துவிடும். ஓலை இருக்கிற வரைக்கும்தான் மண் சுவருக்கு உயிர். மரத்தைக் காப்பாற்றினால் சுவர் போகும், சுவரைக் காப்பாற்ற நினைத்தால் எல்லாமே போனாலும் போகும்.

"கூரையைத் தொடாதீங்க" என்றேன். "வராத தண்ணிக்கு நாமளே வீட்டை இடிச்சுக்கணுமா? இந்த வீடு இல்லைனா நான் எங்கன போவேன்? மேலத்தெருவுல இருந்து யாரு எனக்குத் தண்ணி சொமக்குறது?"

அவர் கூரையைத் தொடவில்லை. நெல்லை மட்டும் சாக்கில் கட்டி, தலைச்சுமையாக அண்ணன் வீட்டில் கொண்டுபோய் வைத்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, மற்ற ஆண்களோடு கண்மாய்க் கரைக்குப் போய்விட்டார்.

அந்த நேரத்தில்தான் ஊர்ப் பெண்கள் எல்லோரும் குடங்களோடு ஊருணிக்கு இறங்கி வந்தார்கள். தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு, கொட்டுகிற மழையில், வரிசையாக. கண்மாய் உடைந்தால் ஊருணிக்குள் சேறு புகுந்துவிடும், குடிக்கிற தண்ணீர் கெட்டுவிடும், அதற்குள் வீட்டிலுள்ள பானை சட்டி அத்தனையையும் நிரப்பிவிட வேண்டும் என்று வந்திருந்தார்கள். வெள்ளம் வருகிறது என்றவுடன் ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்துவைக்கிற சனத்தை வேறு எங்கேயும் பார்க்க முடியாது. பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

அந்த வரிசையில் என் ஓரகத்தியும் இருந்தாள். தன் குடங்களை நிரப்பி ஓரமாக வைத்துவிட்டு, நேராக என் வாசலுக்கு வந்தாள். வீடு கட்டி அத்தனை மாதத்தில் ஒரு நாள்கூட என் வாசலை மிதிக்காதவள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் காலிக் குடம் இரண்டையும் எடுத்துக்கொண்டுபோய் நிரப்பி வந்து, வாசலில் வைத்தாள். மேல்மூச்சு வாங்கியது அவளுக்கு.

நடுப்பகல் இருக்கும். கண்மாய்க் கரையிலிருந்து ஆண்கள் கும்பலாக இறங்கி வந்தார்கள். முன்னால் ஊர் அம்பலம். ஊருக்கு நல்லது கெட்டது பேசுகிற பெரியவர். அவருக்குப் பின்னால் மூத்தார், கடைசியில் என் வீட்டுக்காரர். அவர் கடைசியில் வந்ததைப் பார்த்ததுமே எனக்குக் காரியம் சரியில்லை என்று தெரிந்துவிட்டது.

அம்பலம் விஷயத்தைச் சொன்னார். கரையின் நடுவில் நீர் கசிகிறது. முள்ளும் மண்ணும் போட்டு அடைத்தும் நிற்கவில்லை. அங்கே உடைந்தால் கண்மாய் முழுவதும் நேராக மேலத்தெருவுக்குள் பாயும். ஆள், மாடு ஒன்றும் மிஞ்சாது. இருட்டுவதற்குள் தெற்குக் கடைசியில் கரையை நாமே வெட்டிவிட்டால், தண்ணீர் ஓடைக்கு இறங்கிப் போய்விடும், ஊர் பிழைக்கும். தெற்குக் கடைசிக்கும் ஓடைக்கும் நடுவில் இருந்தது ஊருணியும் எங்கள் வீடும்தான்.

கண்மாயை வெட்டுவது சாதாரணக் காரியம் இல்லை. ஒரு வருஷச் சோற்றை வெட்டிவிடுவது அது. அதோடு எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. யாருடைய நிலமோ வீடோ அந்தத் தண்ணீரில் போகுமோ, அவன் கையால்தான் முதல் வெட்டு விழ வேண்டும். அவன் சம்மதித்து வெட்டினால்தான் மற்றவர்கள் மண்வெட்டியைத் தூக்குவார்கள். இல்லாவிட்டால் ஒருத்தன் குடியை ஊரே சேர்ந்து கெடுத்த பாவம் வந்துவிடும். அம்பலம் இவரைக் கேட்டிருக்கிறார். இவர், "வீட்டுல ஒரு வார்த்தை கேக்கணும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அதற்காகத்தான் அத்தனை பேரும் வந்து, மழையில் என் வாசலில் நின்றார்கள்.

நான் நல்லவள்போல உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. "ஊருல வேற வீடே கெடைக்கலையா? என் வீடுதான் கெடச்சுச்சா?" என்று அம்பலத்தின் முகத்துக்கு நேராகவே கத்தினேன். பெண்கள் குடத்தோடு அப்படியே நின்றுவிட்டார்கள். அம்பலம் தலையைக் குனிந்துகொண்டார். "என்ன வேணும்னாலும் கேளு தாயி. மேலத்தெருவுல இடம் தாரோம், ஊரே சேந்து வீடு கட்டித் தாரோம்" என்றார்.

அப்போது என் ஓரகத்தி நடுவில் வந்து நின்றாள். ஆண்கள் கூட்டத்தில் பெண்கள் குரல் கொடுக்காத காலம் அது. அவள் புருஷனே அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"இடத்தையும் வீட்டையும் பத்தி அவ கேக்கல" என்றாள். "இந்த வீடு வெள்ளாமைக் காவலுக்குக் கட்டுனது இல்லன்னு ஊருக்கே தெரியும். அவ கொடம் தூக்கக் கூடாதுன்னு கட்டுனது. இப்ப மாசமா இருக்கா. வீட்டை வெட்டிவிட்டா அவளுக்கு யாரு தண்ணி சொமப்பா, அதைச் சொல்லிட்டு வெட்டுங்க."

நான் மாசமாக இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குப் புரியவில்லை. நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கலுங்கு பார்க்கப் போனபோது நான் நடந்த நடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாளாம், பின்னால் சொன்னாள்.

அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். "நான் சொமக்குறேன். பிள்ள பொறக்குற வரைக்கும் அவ கொடத்தைத் தொட மாட்டா. அன்னைக்கு வாய்த்துடுக்காப் பேசுனவ நான்தான." என்னைப் பார்த்தாள். "வா ஆத்தா, வீட்டுக்குப் போவம்."

கோபமாக இருக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. எல்லோர் முன்னாலும் அவள் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதுவிட்டேன். அழுதுகொண்டே அவரைப் பார்த்து, "வெட்டுங்க" என்று சொன்னேன்.

வெட்டப் போவதற்கு முன்னால் அத்தனை ஆண்களும் என் வீட்டுக்குள் புகுந்தார்கள். பத்துப் பேர் கூரையில் ஏறி ஓலையைப் பிரித்தார்கள். பனங்கைகளை ஒவ்வொன்றாக இறக்கி, ஆளுக்கு ஒன்றாகத் தோளில் ஏற்றிக்கொண்டு மேலத்தெருவுக்கு நடந்தார்கள். கதவைக் கழற்றினார்கள். நிலையை மூத்தாரே பெயர்த்தார். அதில் நான் பூசிய மஞ்சளும் குங்குமமும் மழையில் வழிந்து அவர் கையெல்லாம் சிவப்பாகியிருந்தது. பெண்கள் என் பாத்திரங்களைப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். யார் யார் எதை எடுத்துப் போனார்கள் என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஒரு கரண்டிகூடக் குறையாமல் திரும்பி வந்தது.

முதல் வெட்டை நான் பார்க்கவில்லை. ஓரகத்தி என்னைப் பார்க்க விடவில்லை. வெட்டி முடித்து, தண்ணீர் இரைகிற சத்தம் கேட்ட பிறகுதான் மேலத்தெருக் கடைசிக்கு என்னைக் கூட்டிவந்தாள். இருட்டுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. கூரை இல்லாமல் நாலு சுவரும் மொட்டையாகத் தெரிந்தன. செம்மண் தண்ணீர் வந்து சுற்றிக்கொண்டது. சுவர் படாரென்று விழும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். விழவில்லை. காப்பியில் போட்ட கருப்பட்டிபோல ஓரத்திலிருந்து கரைந்துகொண்டே வந்து, ஒரு சமயம் பார்த்தபோது இல்லை. பனையோலைப் பாவாடை மட்டும் ஓடையோடு போய்க்கொண்டிருந்தது. ஊருணியும் வீடும் ஒரே தண்ணீராகத் தெரிந்தது.

அவர் உடம்பெல்லாம் சேறாக வந்து என் பக்கத்தில் நின்றார்.

"மண்ணு ரொம்ப எளகிக் கெடந்துச்சு. ஒரே வெட்டு" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தெருவில் வைத்துப் புருஷன் கையைப் பிடிக்கிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. அன்றைக்கு யாரும் எங்களைத் தப்பாகப் பார்க்கவில்லை.

ஊர் பிழைத்தது. இரண்டு நாளில் தண்ணீர் வடிந்தது. ஊருணியில் பாதி அளவுக்குச் சேறு ஏறியிருந்தது. அள்ளிவருகிற தண்ணீரைத் தேத்தாங்கொட்டை உரசிய பானையில் ஊற்றித் தெளியவைத்துத்தான் குடிக்க வேண்டும். ஆனாலும் குடிக்கலாம்.

தண்ணீர் வடிந்த மறுநாள் காலையில் என் ஓரகத்தி சும்மாட்டுத் துணியோடு வந்து குடத்தைத் தேடினாள். ஒரு குடத்தைக் காணோம். "என் கொடம் எங்கன போச்சு?" என்று வீடெல்லாம் தேடிவிட்டு வாசலுக்குப் போனவள், அங்கேயே நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் போய் எட்டிப்பார்த்தேன்.

தெருவில் என் வீட்டுக்காரர் வந்துகொண்டிருந்தார். தலையில் சும்மாடு. சும்மாட்டின் மேல் குடம். தோளில் வைத்தால்தானே ஆகாது, அதனால் பெண்பிள்ளைபோலத் தலையில் ஏற்றிக்கொண்டுவிட்டார். இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்திருந்தார், அப்படியும் எட்டுக்கு எட்டு தண்ணீர் தளும்பி முகத்தில் வழிந்தது. பின்னாலேயே பெண்கள் கூட்டம் சிரித்துக்கொண்டு வந்தது. "என்ன மதினி, இன்னைக்கு மாத்திக் கட்டிக்கிட்டீகளா, சேலைய எங்க காணோம்?" என்று ஒருத்தி அவரையே கேலியாகக் கேட்டாள். இவர் நேராக வந்து, குடத்தை இறக்கினார். பாதிதான் இருந்தது.

மூத்தாருக்கு முகம் கறுத்துவிட்டது. "ஏலே, என்னடா இது கூத்து? ஊரு சிரிக்குது."

"வீட்டையே வெட்டிவிட்டாச்சு. சிரிக்கிறவுக சிரிச்சுக்கிட்டுப் போகட்டும்" என்றார் இவர். சொல்லிவிட்டு அடுத்த நடைக்குக் கிளம்பிவிட்டார். வெள்ளாமைக் காவல் என்கிற பேச்சு அதற்குப் பிறகு அவர் வாயில் வரவேயில்லை.

நான் அடுப்படியில் போய் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் சிரித்தேன். அப்புறம் அழுதேன். எனக்கு அவர்மேல் அத்தனை பிரியம் இருந்தது என்று அன்றைக்கு வரை எனக்கே தெரியாது.

அதிலிருந்து தினமும் காலையில் இரண்டு பேருக்கும் போட்டி. யார் முதலில் எழுந்து குடத்தை எடுக்கிறார்கள் என்று. ஓரகத்தி கொண்டுவருகிற குடம் விளிம்பு வரைக்கும் நிறைந்திருக்கும். இவர் குடத்தில் எப்போதும் பாதிதான். எத்தனை மாதமானாலும் அவருக்கு அந்த நடை வரவில்லை. "தெருப்பூராம் தண்ணி தெளிச்சுட்டு வாராரு, உன் புருசன். கோலம் போட வேண்டியதுதான் பாக்கி" என்பாள் ஓரகத்தி. நானும் அவளும் அப்போது பேசுகிற பேச்சுக்கு, விட்டுப்போன வருஷத்துப் பேச்செல்லாம் வட்டியோடு சேர்ந்துகொண்டது.

கண்மாயில் தண்ணீர் தங்காததால் அந்த வருஷம் விளைச்சல் இல்லை. மாசியிலேயே ஊருணி இறங்கத் தொடங்கிவிட்டது. சித்திரையில் அடிச்சேற்றில் குழி பறித்து, ஊற ஊறச் சிரட்டையால் அள்ளி ஊற்ற வேண்டியிருந்தது. ஒரு குடம் நிறைய வெகுநேரம் பிடிக்கும். கார்த்திகையில் வீட்டையே கொண்டுபோன தண்ணீர், சித்திரையில் சிரட்டைக்கு எட்டவில்லை. அந்தக் குழியைச் சுற்றிப் பெண்களோடு பெண்களாக அவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. அவர் முறை வந்தால் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

ஆனி பிறந்த பிறகும் அதே குழி, அதே சிரட்டைதான். அப்படி ஒரு பகலில்தான் எனக்கு வலி வந்தது. மருத்துவச்சி வந்தாள். ஓரகத்தி என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா இருந்திருந்தால் அப்படித்தான் வைத்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அதை அவளிடம் சொன்னேன். "பேசாம மூச்சைப் பிடி" என்று அதட்டினாள். அவள் கண்ணீர் என் நெற்றியில் விழுந்தது.

பெண் குழந்தை. முழுசாக, நல்ல குரலோடு.

மருத்துவச்சி குளிப்பாட்டத் தண்ணீர் கேட்டாள். மூலையில் மூன்று குடம் இருந்தது. இரண்டு விளிம்பு வரைக்கும், ஒன்று பாதி. மருத்துவச்சி நிறைந்த குடத்தில் கையை வைத்தாள்.

"அதை விடு" என்றாள் ஓரகத்தி. "அது நான் கொண்டாந்தது. அந்த அரைக்கொடத்தை எடு."

அதை எடுத்துத்தான் காய்ச்சினார்கள். என் மகள் மேல் விழுந்த முதல் தண்ணீர் அந்தத் தண்ணீர்தான்.

கதவுக்கு வெளியே சும்மாட்டைச் சுருட்டியபடி அவர் நின்றுகொண்டிருந்தது எனக்குப் படுத்த இடத்திலிருந்தே தெரிந்தது. என்ன குழந்தை என்று கேட்கவில்லை, எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை.

"தண்ணி பத்துமா?" என்றார். "இன்னொரு நடை போய்ட்டு வாரேன்."